மின்சாரச் சந்தை திறக்கப்பட்டபின் மின் நிறுவனப் பங்கில் முதலீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் நிறுவனப் பங்கு என்றாலே ஓய்வுபெற்றவர்களுக்கு ஏற்ற, தூக்கத்தைக் கெடுக்காத முதலீடு என்ற எண்ணம் பல தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. மின்சார விற்பனையில் போட்டி அனுமதிக்கப்பட்ட இடங்களில் அதே எண்ணத்தோடு பங்கு வாங்கிய பலர் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல மாட்டேன். பழைய படியை வைத்துப் புதிய சரக்கை அளந்துவிட்டார்கள். இந்தப் பங்குகளை எடைபோட முனைகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நடந்த நிகழ்வுகளின் துணையோடு அவற்றுக்கான விடைகளையும் கீழே எழுதியிருக்கிறேன்.

கட்டுப்பாடு நீக்கம் என்று சொல்லும்போது உண்மையில் எது விடுவிக்கப்படுகிறது?

மின்சாரம் ஒரு வீட்டுக்கு வந்து சேர நான்கு வேலைகள் நடக்க வேண்டும்: உற்பத்தி, உயர் அழுத்தக் கம்பிகளில் தொலைதூரம் கொண்டுசெல்லும் மின்தொடரமைப்பு, ஊருக்குள் பகிர்மானம், வாடிக்கையாளருக்கு விற்றுப் பணம் வசூலிக்கும் சில்லறை வணிகம். இவற்றில் முதலாவதும் கடைசியும்தான் போட்டிக்குத் திறக்கப்படுகின்றன. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது வீண் செலவு என்பதால், நடுவிலுள்ள இரண்டு வேலைகளும் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டணக் கட்டுப்பாட்டிலேயே தொடர்கின்றன.

சிலி 1982-இல் இதற்கான சட்டத்தை இயற்றியது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1990-இல் மொத்த விற்பனைச் சந்தையைத் தொடங்கின. நார்வே 1991-இலும், கலிபோர்னியா 1998-இலும் சந்தையைத் திறந்தன. டெக்சஸில் சில்லறைப் போட்டி 2002-இல் தொடங்கியது. ஜப்பானில் 2016 ஏப்ரலில்தான் வீடுகள் வரை முழுமையாக வந்தது. எந்த இடத்திலும் விதிகள் குறையவில்லை. விலையை நிர்ணயித்த விதிகளின் இடத்தில் சந்தையை நடத்தும் விதிகள் வந்தன, அவையும் அடிக்கடி மாறுகின்றன. முதலீட்டாளர் படிக்க வேண்டியது முன்பைவிட அதிகமாகிவிட்டது என்பதே உண்மை.

முன்பெல்லாம் மின் நிறுவனப் பங்கு பாதுகாப்பானது என்றார்களே, அது தவறா?

தவறன்று, அதற்குக் காரணம் இருந்தது. பழைய முறையில் ஆணையம் முதலில் நிறுவனத்தின் செலவைக் கணக்கிடும், பிறகு அது போட்டிருக்கும் முதலீட்டுக்கு ஒரு நியாயமான வருவாயைச் சேர்க்கும், அந்த மொத்தத் தொகை கிடைக்கும்படி கட்டணத்தை நிர்ணயிக்கும். ஒரு நிறுவனம் 100 கோடி டாலரைக் கம்பிகளிலும் நிலையங்களிலும் முதலீடு செய்திருக்கிறது, அதில் பாதி பங்கு மூலதனம், அனுமதிக்கப்பட்ட வருவாய் 10 விழுக்காடு என்றால், பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் கிடைக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எரிபொருள் விலை ஏறினால் அது பெரும்பாலும் கட்டணத்தில் ஏற்றப்படும். வாடிக்கையாளருக்கு வேறு கடை கிடையாது. கட்டிய நிலையம் சரியான முடிவா, தவறான முடிவா என்ற இடர் பெரும்பகுதி வாடிக்கையாளர் தோளில் இருந்தது.

சந்தை திறந்ததும் அந்த இடர் உற்பத்தியாளரின் பங்குதாரர் தோளுக்கு மாறுகிறது. நிலையம் கட்ட எவ்வளவு செலவானது என்று சந்தை கேட்பதில்லை. இந்த மணிநேரத்தில் என்ன விலைக்குத் தருவாய் என்று மட்டுமே கேட்கிறது.

ஒரு நிறுவனத்தை ஆராயத் தொடங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

பெயரையும் பழைய புகழையும் ஒதுக்கிவிட்டு, ஆண்டறிக்கையில் பிரிவுவாரி வருமானம் என்ற குறிப்பைத் திறக்க வேண்டும். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தில் எத்தனை விழுக்காடு ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கும் கம்பிகளிலிருந்து வருகிறது, எத்தனை விழுக்காடு சந்தை விலைக்கு விற்கும் உற்பத்தியிலிருந்து வருகிறது, எவ்வளவு சில்லறை விற்பனையிலிருந்து வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் ஒரே சின்னத்தின் கீழ் நடந்தாலும் மூன்று வெவ்வேறு தொழில்கள். கம்பித் தொழில் கடன் பத்திரத்துக்கு அருகில் இருப்பது. உற்பத்தி, சுரங்கத் தொழிலைப்போலச் சரக்கு விலையோடு ஏறி இறங்குவது. சில்லறை விற்பனை, மெல்லிய லாபத்தில் பெரிய தொகையைப் புரட்டும் வியாபாரம்.

விற்பனை வருமானத்தின் விழுக்காட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. சில்லறைப் பிரிவு விற்பனையில் முக்கால் பங்கைக் காட்டி, லாபத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தராமல் இருக்கலாம்.

மொத்தச் சந்தையில் விலை எப்படி அமைகிறது? அது என் பங்கை எப்படித் தொடுகிறது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தவர் பாதித் தூரம் கடந்துவிட்டார் என்பது என் எண்ணம், எனவே சற்று விரிவாகப் பார்ப்போம். மின் நிலையங்கள் தாங்கள் தரக்கூடிய விலையைச் சந்தையில் தெரிவிக்கின்றன. மலிவானதிலிருந்து தொடங்கி, அந்த மணிநேரத் தேவை நிறைவடையும்வரை வரிசையாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. கடைசியாக ஏற்கப்பட்ட நிலையத்தின் விலையே பொதுவாக எல்லாருக்கும் கிடைக்கும் விலை.

ஓர் எளிய கணக்கு. திறன்மிக்க புதிய எரிவாயு நிலையம் ஒரு மெகாவாட் மணி (1,000 யூனிட்) உற்பத்திக்கு ஏறத்தாழ 7 வெப்ப அலகு (எரிவாயுவை விலை பேசும் அளவு) எரிவாயுவை எரிக்கிறது, பழைய நிலையம் 10 அலகு எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எரிவாயு அலகுக்கு 4 டாலர் என்றால் புதிய நிலையத்தின் எரிபொருள் செலவு 28 டாலர், பழையதன் செலவு 40 டாலர். பழைய நிலையம் வரை தேவைப்படும் மணிநேரத்தில் விலை 40 டாலர். புதிய நிலையத்துக்கு 12 டாலர் மிஞ்சும். அதே நேரத்தில், 10 டாலர் எரிபொருள் செலவில் ஓடும் ஓர் அணுமின் நிலையத்துக்கு 30 டாலர் மிஞ்சும்.

இப்போது எரிவாயு 2 டாலருக்கு இறங்குகிறது. பழைய நிலையம் 20 டாலருக்குத் தரும். சந்தை விலையும் 20. புதிய எரிவாயு நிலையத்தின் மிச்சம் 12-இலிருந்து 6-க்குப் பாதியாகக் குறைகிறது. அணுமின் நிலையமோ ஒரு சொட்டு எரிவாயுவும் பயன்படுத்தாவிட்டாலும் அதன் மிச்சம் 30-இலிருந்து 10-க்கு, மூன்றில் ஒரு பங்காகச் சரிகிறது. எரிவாயு விலை நிர்ணயிக்கும் சந்தையில் அணுமின், நிலக்கரி நிறுவனங்களின் பங்கை வாங்குகிறவர், தெரிந்தோ தெரியாமலோ எரிவாயு விலை உயரும் என்று பணம் கட்டுகிறார்.

அப்படிப் பணம் கட்டித் தோற்ற எடுத்துக்காட்டு உண்டா?

டெக்சஸின் டிஎக்ஸ்யூ என்ற மின் நிறுவனத்தைப்போல் இதை வேறு எதுவும் தெளிவாகச் சொல்லாது. அதனிடம் பெரிய நிலக்கரி நிலையங்களும் ஓர் அணுமின் நிலையமும் இருந்தன; டெக்சஸில் விலையை நிர்ணயிப்பது எரிவாயு. 2007-இல் கேகேஆர், டிபிஜி, கோல்ட்மன் சாக்ஸ் ஆகிய முதலீட்டு நிறுவனத்தார் ஏறத்தாழ 4,500 கோடி டாலர் மதிப்பில், பெரும்பகுதி கடனைக் கொண்டு அதை வாங்கி எனர்ஜி ஃபியூச்சர் ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். மறு ஆண்டுக் கோடையில் எரிவாயு 13 டாலரைத் தாண்டியபோது அது மிகச் சிறந்த முடிவாகத் தோன்றியது. பாறைப் படிவ எரிவாயு பெருகியதும் விலை சரிந்து 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே போனது. நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, மின்சாரம் விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கிடைத்த மிச்சம் வட்டிக்குப் போதவில்லை. 2014 ஏப்ரல் 29 அன்று நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பின்னர் நடந்தவைதான். அதே குழுமத்தின் கம்பித் தொழிலான ஆங்கார், சட்டப்படி வேலியிட்டுத் தனியாக வைக்கப்பட்டிருந்ததால் திவாலில் சிக்கவில்லை; 2018-இல் செம்ப்ரா நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. கடன் கழிக்கப்பட்ட உற்பத்தி, சில்லறைத் தொழில்கள் 2016-இல் வெளியே வந்து விஸ்ட்ரா என்ற பெயரில் நடக்கின்றன. 2024-ஆம் ஆண்டில் மட்டும் விஸ்ட்ரா பங்கின் விலை மூன்று மடங்குக்கு மேல் ஆனது. முன்பு முதலாளிகளை ஒழித்த சொத்துகளில் பெரும்பகுதி, குறைந்த கடனோடு கைமாறியதும் வேறு முதலாளிகளை வளப்படுத்தியது. எனவே நிலையத்தைப் பார்ப்பதற்கு ஈடாகக் கடனையும் பார்க்க வேண்டும்.

எவ்வளவு கடன் இருந்தால் அஞ்ச வேண்டும்?

ஒரே எண் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தாது. வருவாய் ஆணையத்தால் உறுதிசெய்யப்பட்ட கம்பி நிறுவனம், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய ஆண்டு லாபத்தைப்போல் 5 மடங்கு கடனைச் சுமந்தும் நல்ல தரமதிப்பீட்டோடு வாழ முடியும். சந்தை விலைக்கு விற்கும் உற்பத்தி நிறுவனத்துக்கு அதே 5 மடங்கு ஆபத்தானது. 3 மடங்குக்கு மேல் போனாலே நான் தயங்குவேன்.

மடங்கைவிடத் தவணை முக்கியம். கடன் முதிர்வு அட்டவணையில் அடுத்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று பாருங்கள். மின் விலை சரிந்திருக்கும் அதே ஆண்டில் பெரிய தவணை வந்தால், புதுக் கடன் கொடுக்க ஆள் இருக்காது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய கட்டுமான வேகத்தில் கடன் வாங்கி எரிவாயு நிலையங்களை எழுப்பிய அமெரிக்க நிறுவனங்களின் முடிவு இதுவே: என்ஆர்ஜியும் மிரான்ட்டும் 2003-இலும், கால்பைன் 2005-இலும் திவாலாயின. எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டியதால் உற்பத்தி மிஞ்சி, ஒவ்வொரு நிலையத்தின் மிச்சமும் குறுகிப்போயிற்று.

கலிபோர்னியாவில் என்ன நடந்தது? அது இன்றும் ஏன் பேசப்படுகிறது?

கலிபோர்னியாவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் மொத்த விலையைச் சந்தையிடம் விட்டது. வாடிக்கையாளர்கள் செலுத்தும் சில்லறைக் கட்டணத்தை மட்டும் உறையவைத்தது. பெரிய நிறுவனங்கள் தம் அனல்மின் நிலையங்களில் பலவற்றை விற்றுவிட்டு, தேவையான மின்சாரத்தை நாள்தோறும் சந்தையில் வாங்க வேண்டியிருந்தது. நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்ளவும் போதிய இடம் தரப்படவில்லை. 2000-ஆம் ஆண்டுக் கோடையில் வறட்சியால் நீர்மின்சாரம் குறைந்தது, எரிவாயு ஏறியது, என்ரான் உள்ளிட்ட வணிகர்கள் சந்தையின் ஓட்டைகளைப் பயன்படுத்தினார்கள். மொத்த விலை பல மடங்காகியது.

ஒரே மாநிலத்தில் இரண்டு நிறுவனங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சான் டியேகோவின் மின் நிறுவனம் தன் பழைய முதலீட்டுச் செலவை 1999-இலேயே மீட்டுவிட்டதால் அதற்கு உறைநிலை நீங்கியிருந்தது. கொள்முதல் விலையை அப்படியே வாடிக்கையாளரிடம் வசூலித்தது, அங்கே வீட்டு மின்கட்டணம் இரண்டு, மூன்று மடங்கானது. பசிஃபிக் கேஸ் அண்டு எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு உறைநிலை நீங்கவில்லை. அதன் வாடிக்கையாளர்கள் பழைய கட்டணத்தையே செலுத்த, நிறுவனம் உயர்ந்த விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்று ஏறத்தாழ 900 கோடி டாலர் பள்ளத்தில் விழுந்து, 2001 ஏப்ரல் 6 அன்று திவால் மனு கொடுத்தது. 2005 வரை அதன் பொதுப் பங்குக்கு ஈவுத்தொகை இல்லை. இரண்டும் அதே வெயிலில், அதே சந்தையில் வாங்கியவை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே யார் நிறுத்தப்பட்டிருந்தார் என்பது மட்டுமே வேறு.

எந்த மின் நிறுவனத்தைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: மொத்த விலை நாளை பத்து மடங்கானால், அந்த வேறுபாட்டை யார் கட்டுவது?

சொந்த மின் நிலையம் இல்லாமல் மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் வேகமாக வளர்கின்றனவே, அவற்றில் முதலீடு செய்யலாமா?

அந்த வளர்ச்சியை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். வாடிக்கையாளருக்கு ஓராண்டு நிலையான விலை சொல்லிவிட்டு, மின்சாரத்தை அவ்வப்போது சந்தையில் வாங்குகிறவரின் லாபம், விலை இறங்கும் காலத்தில் திறமைபோலத் தெரியும். பிரிட்டனில் 2021-இல் எரிவாயு விலை பாய்ந்தபோது, சில்லறை விலைக்கு ஆணையம் உச்சவரம்பு வைத்திருந்த நிலையில், முன்கூட்டியே போதிய மின்சாரம் வாங்கிவைக்காத நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. அந்த அலையில் வீழ்ந்தவை முப்பதை ஒட்டும். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட பல்ப் நிறுவனத்தை 2021 நவம்பரில் அரசு சிறப்பு நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு பிப்ரவரியில் டெக்சஸ் உறைபனியில், ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பு விலை நான்கு நாள் அளவுக்கு நீடித்தது. பிரேசஸ் என்ற மின் கூட்டுறவு நிறுவனம், அந்தச் சில நாள்களுக்கு வந்த ஏறத்தாழ 200 கோடி டாலர் பட்டியலைக் கட்ட முடியாமல் மார்ச் 1 அன்று திவாலானது.

அப்படியானால் நிலையமும் வாடிக்கையாளரும் சேர்ந்திருக்கும் நிறுவனம் பாதுகாப்பானதா?

கூடுதல் பாதுகாப்பு உண்டு. விலை ஏறினால் உற்பத்திப் பிரிவு ஆதாயம் பெறும், இறங்கினால் சில்லறைப் பிரிவு ஆதாயம் பெறும். ஆனால் நிலையம் தேவையான மணிநேரத்தில் ஓடினால் மட்டுமே இந்தச் சமநிலை நிற்கும். டெக்சஸ் உறைபனியில் எரிவாயுக் குழாய்களில் அழுத்தம் குறைந்து, எரிபொருள் வராமல் பல நிலையங்கள் படுத்துவிட்டன. இரண்டு பிரிவும் வைத்திருந்த விஸ்ட்ராவே அந்தக் காலாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. எரிபொருள் எங்கிருந்து வருகிறது, கையிருப்பு எத்தனை நாளுக்கு உண்டு என்று கேட்பது அதனால்தான்.

முன்பேர ஒப்பந்தங்களால் விலையை உறுதிசெய்துவிட்டோம் என்கிறார்கள். அதை நம்பலாமா?

நம்பலாம், இரண்டு கேள்விகளுக்குப் பிறகு. எத்தனை ஆண்டுக்கு உறுதிசெய்திருக்கிறார்கள் என்பது முதலாவது. அடுத்த ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காடு, அதற்கடுத்த ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 20 என்பதுபோல இறங்குவரிசையில் இருப்பது வழக்கம். ஆகவே இன்று நல்ல விலையில் ஒப்பந்தம் இருப்பதைக் கொண்டு ஐந்தாண்டு லாபத்தைக் கணிக்க முடியாது.

இரண்டாவது, விலை எதிர்த் திசையில் பாய்ந்தால் பிணைத்தொகை எங்கிருந்து வரும் என்பது. முன்கூட்டி விற்றவர், விலை ஏறும்போது சந்தையில் மார்ஜின் என்ற அந்தப் பிணைத்தொகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரத்தைத் தந்து பணம் பெறுவதோ பல மாதங்களுக்குப் பிறகு. 2022 செப்டம்பரில் ஃபின்லாந்தின் ஃபோர்ட்டம் நிறுவனம், லாபம் ஈட்டும் நீர்மின், அணுமின் நிலையங்களை வைத்திருந்தும், பிணைத்தொகை நெருக்கடிக்காக அரசிடம் 235 கோடி யூரோ கடன் வசதி பெற வேண்டியிருந்தது. அதன் ஜெர்மன் துணை நிறுவனமான யூனிப்பரின் கதை இன்னும் கடுமை: ரஷ்ய எரிவாயு நின்றதும், வாடிக்கையாளருக்கு ஒப்பந்த விலையில் தர வேண்டிய எரிவாயுவைச் சந்தையில் பல மடங்கு விலைக்கு வாங்கியது. இங்கும் நடுவே நின்றது நிறுவனம்தான். ஜெர்மன் அரசு அதைத் தேசியமயமாக்கியது. பல நூறு கோடி யூரோ போட்டிருந்த ஃபோர்ட்டம் தன் பங்குகளை ஏறத்தாழ 50 கோடி யூரோவுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது.

மின்சாரம் அத்தியாவசியம், அரசு எப்படியும் காப்பாற்றும் அல்லவா?

அரசு காப்பாற்றுவது மின்சாரத்தை. பங்குதாரரைக் காப்பாற்றும் கடமை அதற்கில்லை. பிரிட்டிஷ் எனர்ஜி, பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தந்த அணுமின் நிறுவனம், 1996-இல் தனியார்மயமாக்கப்பட்டது. அணுமின் நிலையத்தின் செலவு பெரும்பாலும் நிலையானது, நினைத்தபோது நிறுத்தி ஓட்டவும் முடியாது. 2001-இல் புதிய சந்தை விதிகள் வந்தன, மொத்த விலை சரிந்தது. வாங்கிவைத்திருந்த சில்லறைத் தொழிலையும் அதற்கு முந்தைய ஆண்டே விற்றிருந்தார்கள். 2002 செப்டம்பரில் அரசிடம் உதவி கேட்டார்கள். அரசு கடன் கொடுத்தது, எந்த நிலையமும் மூடப்படவில்லை, எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. 2005-இல் மறுசீரமைப்பு முடிந்தபோது பழைய பங்குதாரர்கள் கையில் எஞ்சியது புதிய நிறுவனத்தின் 2.5 விழுக்காடு.

கம்பி நிறுவனங்களை மட்டும் வாங்கினால் இடரே இல்லையா?

விலை இடர் குறைவு. வேறு இடர்கள் உண்டு. ஆணையம் அனுமதிக்கும் வருவாய் விகிதம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு வரும். வங்கி வட்டி ஏறும்போது இந்தப் பங்குகளின் விலை கடன் பத்திரம்போல இறங்கும். பேரிடர்ப் பொறுப்பும் சேர்கிறது: மேலே சொன்ன பசிஃபிக் கேஸ் நிறுவனமே, தன் கம்பிகளிலிருந்து தொடங்கிய காட்டுத்தீக்கான இழப்பீட்டுச் சுமையால் 2019 ஜனவரியில் இரண்டாம் முறை திவால் மனு கொடுத்தது. அதற்கு முந்தைய நவம்பரில் நடந்த கேம்ப் தீயில் 85 பேர் இறந்தனர். உபகரணங்களின் வயது, பராமரிப்புச் செலவு, பொறுப்புச் சட்டம் ஆகியவற்றைக் கம்பி நிறுவனத்தில் தவறாமல் படிக்க வேண்டும்.

சூரிய, காற்று மின்சாரம் பெருகுவது உதவுமா, கெடுக்குமா?

யாரிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சூரிய நிலையத்துக்கு எரிபொருள் செலவில்லை என்பதால் நண்பகலில் அது விலையை அழுத்துகிறது. எல்லாச் சூரிய நிலையங்களும் அதே நேரத்தில் உற்பத்தி செய்வதால் தம் விலையைத் தாமே கெடுத்துக்கொள்கின்றன. ஜெர்மனியில் 2024-இல் 457 மணிநேரம் மொத்த விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. நிலையான விலையில் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் உள்ள நிலையத்துக்கு இது பெரிய பாதிப்பில்லை. சந்தை விலைக்கு விற்பதற்கு உண்டு. நிறுத்த முடியாத பழைய நிலையங்களுக்கு இது சுமை. மாலையில் சில நிமிடங்களில் உற்பத்தியை ஏற்றக்கூடிய நீர்மின் நிலையத்துக்கும் மின்கலத் தொகுதிக்கும் இது வாய்ப்பு. சராசரி விலையை விட்டுவிட்டு, அந்த நிறுவனம் உற்பத்தி செய்யும் மணிநேரங்களில் கிடைத்த விலையைக் கேளுங்கள்.

தரவு மையங்களால் தேவை உயர்ந்து பங்குகள் ஏறிவிட்டன. இப்போது வாங்குவது தாமதமா?

தேவை உயர்வது உண்மை. அமெரிக்காவின் 13 மாநிலங்களிலும் வாஷிங்டனிலும் பரவிய பிஜேஎம் சந்தையில், தேவைப்படும்போது ஓடத் தயாராக இருப்பதற்காக நிலையங்களுக்குத் தரப்படும் திறன் கட்டணம், 2024 ஜூலை ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலரிலிருந்து 269.92 டாலராக உயர்ந்தது. ஒன்பது மடங்குக்கு மேல். அரசியல் எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஏலத்துக்கே உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் 2022 டிசம்பர் முதல், மலிவாக உற்பத்தி செய்யும் நிலையங்களின் வருமானத்துக்கு மெகாவாட் மணிக்கு 180 யூரோ என்று தற்காலிக வரம்பு வைத்தார்கள். விலை மிக உயரும்போது லாபம் முழுவதும் பங்குதாரருக்கே விடப்படும் என்று கணக்குப் போடாதீர்கள்.

மதிப்பைச் சோதிக்க எனக்குப் பயன்படும் கணக்கு ஒன்று. பங்குகளின் மொத்தச் சந்தை மதிப்போடு நிகரக் கடனைக் கூட்டி, நிலையங்களின் மெகாவாட்டால் வகுக்க வேண்டும். மதிப்பு 600 கோடி டாலர், கடன் 400 கோடி டாலர், திறன் 10,000 மெகாவாட் என்றால் மெகாவாட்டுக்கு 10 லட்சம் டாலர். அதே வகை நிலையத்தைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவோடு இதை ஒப்பிடுங்கள். சந்தை மதிப்பு கட்டுமானச் செலவைவிட மிக உயர்ந்து நின்றால் புதியவர்கள் கட்டத் தொடங்குவார்கள், மிச்சம் குறையும். பி/இ விகிதம் (பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தது) இங்கே வழி தவறச் செய்யும். லாபம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில்தான் அது மிக மலிவாகக் காட்டும்.

ஈவுத்தொகை விழுக்காடு உயர்வாக இருந்தால் போதாதா?

ஈவுத்தொகை எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். செயல்பாட்டு ரொக்க வரவிலிருந்து பராமரிப்பு முதலீட்டைக் கழித்தபின் மிஞ்சுவது, கொடுக்கும் ஈவுத்தொகையைவிடக் குறைவாக மூன்று ஆண்டு தொடர்ந்து இருந்தால், கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். பங்கு விலை சரிந்ததால் உயர்ந்து தெரியும் விழுக்காடு, வெட்டப்படப் போகும் ஈவுத்தொகையின் அறிகுறியாக இருப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடந்திருக்கிறது.

பங்கைவிடக் கடன் பத்திரம் பாதுகாப்பா?

கம்பி நிறுவனத்தின் பத்திரமென்றால் பெரும்பாலும் ஆம். சந்தை விலைக்கு விற்கும் நிறுவனத்தின் பத்திரம் வேறு. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே, மேலே சொன்ன எனர்ஜி ஃபியூச்சர் ஹோல்டிங்ஸின் கடன் பத்திரங்களில் ஏறத்தாழ 200 கோடி டாலர் போட்டு, வட்டி வந்தது போக, வரிக்கு முன் 87.3 கோடி டாலர் இழந்தது. இழப்பையும் காரணத்தையும் அவரே தம் பங்குதாரர் கடிதத்தில் எழுதினார். எரிவாயு விலை சரிந்தால் நட்டம் எல்லாம் பத்திரம் வைத்திருப்பவருக்கு, ஏறினால் கிடைப்பது வட்டி மட்டும் என்ற நிலையில், அந்தப் பத்திரம் பங்கின் இடரைச் சுமந்துகொண்டு கடனின் வருவாயைத் தந்தது. பத்திரம் வாங்குவதற்கு முன், அது குழுமத்தில் எந்த நிறுவனம் வெளியிட்டது, எந்தச் சொத்து அதற்குப் பிணை என்று முதல் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். தாய் நிறுவனம் வெளியிட்ட பத்திரத்துக்கு, வேலியிட்டு வைத்த கம்பித் தொழிலின் சொத்துகள் பிணையாக இருப்பதில்லை.